ஒட்டவாலோ சந்தையில் கொசுறக்கா

பாஷை தெரியாத ஊரில், முன்பின் பார்த்திராத கடைக்காரரிடம், வாங்கிய சாமானுக்கு மேல் ஒரு கைப்பிடி கூடுதலாக வாங்கிவிடக்கூடியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் புதுச்சேரி முத்தியால்பேட்டையில், எங்கள் எதிர்வீட்டில், இட்லி மாவு விற்கிறார். முகத்துக்கு நேரே நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்போம். அவர் தெருமுனை திரும்பியதும் கொசுறக்கா என்போம். இது அவருக்கும் தெரியும். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்றே நினைக்கிறேன்.

அக்காவைப் பொறுத்தவரை காசு கொடுத்துச் சாமான் வாங்குவது பாதி வேலை. காசு கொடுத்த பிறகு கையை நீட்டிக்கொண்டு நிற்பதுதான் மீதி. பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினால் மேலே ஒரு கொத்து கறிவேப்பிலை வேண்டும். இதை எல்லோரும்தான் கேட்கிறார்கள். பூக்காரம்மா முழம் அளந்த பிறகு மேலே நாலு விரற்கடை பூ வேண்டும். இதையும் சிலர் கேட்பார்கள். குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா, அக்காவின் தலை தெரிந்ததுமே ஒரு பிடி நெத்திலியைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் விலையே சொல்வார். ஆனால் மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிவிட்டு, மேலே ஒன்று போடச் சொல்லிக் கை நீட்டியவரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் ஒரு இருமல் மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். அக்கா "மெர்சி" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். மில்லில் வேலை பார்த்த காலத்தில் அங்கிருந்த பழைய கணக்குப்பிள்ளையிடம் நன்றி சொல்ல அவர் கற்றுக்கொண்ட ஒரே பிரெஞ்சுச் சொல் அது. கொசுறு கிடைத்தால் மட்டும்தான் அது வெளியே வரும்.

கிளி ஜோசியக்காரர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். கிளி ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தது. அக்கா காசைக் கொடுத்துவிட்டு, ஜோசியக்காரரை விட்டுவிட்டுக் கிளியைப் பார்த்து, கொசுறாக இன்னொன்று எடுக்கச் சொன்னார். கிளியும் எடுத்தது. இரண்டாவது சீட்டு முதல் சீட்டைவிட நன்றாக இருந்ததால், எனக்கு அதுதான் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பல் பிடுங்கிய டாக்டரிடம் வழக்கப்படி கொசுறு கேட்டு, அவர் மறுபடியும் இடுக்கியைக் கையில் எடுத்ததும் வேண்டாமென்று ஓடிவந்துவிட்டதாகவும் ஒரு கதை தெருவில் உலவுகிறது. அதற்கு நான் சாட்சி இல்லை.

இதையெல்லாம் கேட்டு அவரை அற்பம் என்று நினைத்துவிடாதீர்கள். மில் மூடியபோது கையில் வந்ததைக் கொண்டு ஒரு கிரைண்டர் வாங்கிப் போட்டவர். அன்றிலிருந்து இன்றுவரை, மாவு வாங்க வந்த ஒருவரையும் அளவுக்கு மேல் அரைக் கரண்டி ஊற்றாமல் அனுப்பியதில்லை. நஷ்டமாகாதா என்று ஒருமுறை நான் கேட்டேன். பொதுப்பணித் துறையில் எஸ்டிமேட் போட்டே ஓய்வு பெற்றவன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அளந்து குடுக்கறது கை தம்பி. அளந்த பெறகு மேல போடுது பாரு, அது மனசு" என்றார்.

இந்தத் தத்துவத்தை அவர் சும்மா பிடித்துவிடவில்லை. அக்காவைக் கட்டிக் கொடுத்த வீடு கடலூர்ப் பக்கம். அங்கே இட்லியை எண்ணித்தான் வைப்பார்களாம். ஒருநாள் பசி தாங்காமல் இன்னும் ஒன்று கேட்டிருக்கிறார். மாமியார் தட்டை ஒருமுறையும் இட்லிப் பானையை ஒருமுறையும் பார்த்துவிட்டு, எத்தனை சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார். அக்கா கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினார். திரும்பப் போகவே இல்லை. இது தெருவுக்கே தெரியும். ஆனால் அவர் வாயால் சொல்லிக் கேட்டவர் என் மனைவி கமலா மட்டும்தான்.

அதனால்தானோ என்னவோ, எங்கள் தெருவில் பெண் கொடுக்கும் வீட்டைப் பார்க்கப் போனால் ஜாதகத்தை மறந்தாலும் அக்காவை மறக்கமாட்டார்கள். அவர் அங்கே போய் யாரோடும் அதிகம் பேசமாட்டார். கேசரி வரும், பஜ்ஜி வரும். சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம்" என்று தட்டை நீட்டுவார். எவ்வளவு வைக்கிறார்கள் என்று பார்க்கவே மாட்டார். வைக்கிற கையைப் பார்ப்பார். ஒரு வீட்டில் பையன் நல்ல வேலை, சொந்த வீடு, எல்லாம் பொருந்தி வந்தது. பையனின் அம்மா கேசரியைக் கரண்டியில் எடுத்து, பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டு தட்டி, பாதியை உள்ளேயே உதிர்த்துவிட்டு மீதியை வைத்தார். வெளியே வந்ததும் அக்கா வேண்டாம் என்றார். பெண்ணைப் பெற்றவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை.

இப்படிப்பட்ட தெருவில் பிறந்து வளர்ந்த என் மகள் வெண்ணிலா, பிரான்சுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையும் பார்த்து, ஒருநாள் தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொன்னாள். அவள் இருந்த ஊரில் வாரச் சந்தை ஒன்று கூடுமாம். அதில் கம்பளிச் சால்வை விற்கும் பையனாம். தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாடாம். ஆண்டீஸ் மலை மேல் ஒட்டவாலோ என்ற ஊராம். அந்த ஊரின் பூர்வகுடி ஜனங்கள் நெசவிலும் வியாபாரத்திலும் கெட்டிக்காரர்களாம். நெய்ததைத் தூக்கிக்கொண்டு உலகமெல்லாம் போய் விற்றுவிட்டு ஊர் திரும்புவார்களாம். பையனின் பெயர் இந்தி. அவர்கள் பாஷையில் சூரியன் என்று அர்த்தமாம். இந்தப் பெயரைத் தெருவில் எப்படி வெளியே சொல்வது என்று நானும் கமலாவும் ரொம்ப நேரம் யோசித்தோம்.

படம் அனுப்பினாள். பையன் லட்சணமாக இருந்தான். தலைமுடியை இடுப்புவரை பின்னிப் போட்டிருந்தான். கமலாவுக்கு அதில்கூட ஆட்சேபம் இல்லை. மாமனாருக்கு இல்லாத முடி மாப்பிள்ளைக்காவது இருக்கட்டும் என்றாள். அவளை உலுக்கியது வேறு விஷயம். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் ஒட்டவாலோவிலேயே, பையனின் அம்மாவோடு இருந்து, சந்தையில் அவர்களுடைய கடையைப் பார்த்துக்கொள்வதாகத் திட்டம். ஏதாவது ஒன்று என்றால் கையைக் கழுவிக்கொண்டு ஏறி வர அங்கே கடலூர் பஸ் கிடையாது.

கமலா யோசித்து ஒரே முடிவுதான் சொன்னாள். அக்கா வந்து அந்த வீட்டைப் பார்க்க வேண்டும். அக்கா சரி என்றால் சரி. இல்லை என்றால் அவள் தாலி எடுத்துக் கொடுக்க வரமாட்டாள். நான் இருபத்தோராம் நூற்றாண்டைப் பற்றி அவளிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள். வெண்ணிலாவோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவை அவள் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள். பெரிம்மாவுக்கும் சேர்த்தே டிக்கெட் போடுகிறேன் என்றாள். அவளும் இந்தத் தெருப் பெண்தானே.

அக்கா பயணத்துக்குத் தயாரானார். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த ஸ்டுடியோவில் கொசுறாக ஒரு பெரிய படம் வாங்கி, கிரைண்டருக்கு மேலே சட்டம் போட்டு மாட்டினார். விமானத்தில் ஏறியதும் பணிப்பெண்ணின் கண்ணைப் பார்த்து இனிமையாகச் சிரித்துக் கையை நீட்டினார். இறங்கும்போது அவர் பையில் எங்கள் தெருவுக்கே போதுமான பிஸ்கட்டும் வெண்ணெய்க் கட்டியும் இருந்தன.

தலைநகரம் கீட்டோவில் இறங்கி, அங்கே காத்திருந்த வெண்ணிலாவோடும் இந்தியோடும் பஸ் பிடித்து, மலை மலையாகச் சுற்றி ஒட்டவாலோ போய்ச் சேர்ந்தோம். அவ்வளவு உயரத்தில் நாலு அடி நடந்தாலே எங்களுக்கு இரைத்தது. ஊரைச் சுற்றிலும் பச்சை மலைகள், மேகத்தைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு ஓர் எரிமலை. நான் அதை ரசித்துக்கொண்டிருந்தேன். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"இந்த ஊர்ல காத்தக்கூட அளந்துதான் விடறாங்க கமலா" என்றார்.

கமலாவின் முகம் சுண்டிப்போனது. வந்து இறங்கியதுமே இப்படி ஒரு சொல்லா என்று வெண்ணிலா என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளைப் பையன் இந்தி, ஒன்றும் புரியாமல், எல்லோருடைய பெட்டிகளையும் இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. ஒட்டவாலோவில் சந்தை தினமும் உண்டு என்றாலும் சனிக்கிழமைதான் பெரிய சந்தை. நம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டை எடுத்து, அதற்கு ஏழெட்டு வண்ணங்கள் கூடுதலாகப் பூசிப் பரப்பினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சால்வை, தொப்பி, தூளி ஊஞ்சல், மலையும் ஆடும் நெய்த விரிப்பு, மூங்கில் குழல் என்று சதுக்கம் நிரம்பிப் பக்கத்துத் தெருக்களிலும் வழிந்தது. பெண்கள் பூ வேலை செய்த வெள்ளைச் சட்டையும், கருநீலத்தில் சுற்றிக் கட்டிய துணியுமாக, கழுத்து நிறையப் பொன்னிற மணி மாலைகளோடு நின்றார்கள். கமலாவுக்கு அந்த மணி மாலைகளைப் பார்த்ததும் பாதித் தெம்பு வந்துவிட்டது.

அக்கா எதையும் பார்க்கவில்லை. நேராக, வறுத்த சோளம் விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம் போனார். அந்த அம்மா ஒரு சின்ன டின்னால் அளந்து போட்டார். அக்கா காசைக் கொடுத்தார். பிறகு கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. வெளிநாட்டில் வந்து மானம் போகப் போகிறது என்று இரண்டு கடை தள்ளிப் போய் ஒரு ஊஞ்சலை ஆராய்ந்தேன். ஆனால் அந்த அம்மா, நீட்டிய கையைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். குவியலில் கையை விட்டு ஒரு முழுப் பிடி சோளத்தை அள்ளி, "யாப்பா" என்று சொல்லி அக்காவின் கையில் கொட்டினார்.

வெண்ணிலா விளக்கினாள். யாப்பா என்றால் அவர்கள் பாஷையில் கொசுறு. அது இல்லாமல் இந்த மலையில் வியாபாரமே கிடையாது. தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். அக்கா சந்தையின் நட்டநடுவே அப்படியே நின்றுவிட்டார். உலகத்தின் அந்தக் கோடியில் தன்னைப் போல ஒரு ஜனம் இருப்பதை அன்றுதான் அறிந்தார். கண்கூடக் கலங்கியது. "மெர்சி" என்றார் அந்த அம்மாவிடம், மிகுந்த மரியாதையோடு.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தொப்பிக்காரர் தொப்பிக்கு மேல் ஓர் இறகு கொடுத்தார். நூல்காரப் பெண் சிவப்பு நூல் ஒரு சுருள் கொடுத்தார். உருளைக்கிழங்கு விற்றவர் இரண்டு கிழங்கைப் போட்டுவிட்டு, அக்காவின் கை இன்னும் நீண்டிருப்பதைப் பார்த்து மூன்றாவதையும் போட்டார். மூங்கில் குழல் விற்றவரிடம் கூடுதலாகக் கொடுக்கச் சின்னப் பொருள் எதுவும் இல்லை. அவர் ஒரு பாட்டு வாசித்தார். அக்கா கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சரியாக முடிக்காமல் விட்டுவிட்டதாகச் சைகை காட்டி இன்னும் கொஞ்சம் வாசிக்கவைத்தார். எனக்கும் தைரியம் வந்தது. ஒரு தொப்பி வாங்கி, காசைக் கொடுத்து, அக்காவைப் போலவே கையை நீட்டினேன். கடைக்காரர் என் கையைப் பிடித்து அன்போடு குலுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பையன் வீட்டில் விருந்து. பையனின் அம்மா பெயர் ரோசா. அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ரோசா வாட்டசாட்டமான பெண்மணி, அதிகம் பேசாதவர். எங்களை உட்காரவைத்துத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதைத் தட்டு என்று சொல்ல முடியாது. உருளைக்கிழங்கு, வேகவைத்த வெள்ளைச் சோளம், முட்டை, கோழி எல்லாம் சேர்ந்து, எதிரில் உட்கார்ந்திருந்த கமலாவை எனக்கு மறைத்தது. உச்சியில் ஏதோ ஒரு சிறு பிராணி முழுதாக வறுபட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. கமலா தான் சனிக்கிழமை அசைவம் சாப்பிடுவதில்லை என்று அந்த நிமிடத்தில் ஒரு விரதத்தைத் தொடங்கினாள்.

அக்கா பரீட்சைக்கு ஆயத்தமானார். தட்டைக் காலி செய்ய வேண்டும், இன்னும் கொஞ்சம் என்று நீட்ட வேண்டும், வைக்கிற கையைப் பார்க்க வேண்டும். சாப்பிட்டார். வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார். ஆனால் தட்டில் எங்கே ஒரு பள்ளம் விழுந்தாலும் ரோசா அந்த நிமிடமே வந்து அதை நிரப்பிவிட்டுப் போனார். அளவு தீர்ந்தால்தானே அதற்கு மேல் கேட்பது? அங்கே அளவு தீரவே இல்லை. அக்கா கடைசியில் கையைத் தூக்கிவிட்டார். தெருவுக்காக எத்தனையோ வீடு பார்த்தவர், முதல்முறையாகத் தோற்றார்.

தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பும் வழியில் கமலா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். இவ்வளவு அள்ளி வைக்கிற வீடாயிற்றே, அப்புறம் என்ன யோசனை?

"விருந்தாளிக்கு எல்லாருந்தான் குவிப்பாங்க கமலா. என் மாமியா வீட்லயும் மொத நாளு குவிச்சுத்தான் வச்சாங்க" என்றார் அக்கா.

வெண்ணிலா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அவள் அழுகிறாள் என்று அவள் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. எனக்கு அக்காவின் மேல் கோபமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பயமும் வந்தது, அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று.

மறுநாள் காலை அக்கா புடவையை இறுக்கிச் செருகிக்கொண்டு, சந்தையில் ரோசாவின் கடைக்குப் புறப்பட்டார். உறவுக்காரியாகப் போகவில்லை, சாமான் வாங்குகிறவளாகப் போகிறேன் என்று எங்களுக்கும் சொல்லிவிட்டார். நாங்கள் போனபோது ரோசா யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குச் சால்வை விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னக் கூடை நிறையக் கைக்கயிறுகள் இருந்தன. காசை வாங்கியதும் கூடையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துக் கொசுறாகக் கொடுத்தார். கமலா என் விலாவில் இடித்தாள். இது போதும், பாஸ்தான் என்று நானும் நினைத்தேன்.

அக்கா முன்னால் போனார். ரோசா சிரித்துக்கொண்டு எழுந்தார். அக்கா சிரிக்கவில்லை. சிவப்புச் சால்வை ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் விலை கேட்டார், விரலாலேயே குறைத்தார். ரோசா அவரை ஒரு நொடி கூர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். காசு கை மாறியது. சால்வையை மடித்துக் கொடுத்தார். அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ரோசா அந்தக் கையைப் பார்த்தார். கூடையைத் தொடவில்லை.

கொஞ்ச நேரம் ஆயிற்று. கை நீண்டபடியே இருந்தது. கமலா என் புஜத்தைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. சால்வை மடித்துக்கொண்டிருந்த இந்தி அப்படியே நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான். வெண்ணிலாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போது ரோசா வெண்ணிலாவின் பக்கம் திரும்பி, மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னார். வெண்ணிலா மொழிபெயர்த்தாள்.

"யாப்பா வெளியாளுக்குக் குடுக்கறதாம் பெரிம்மா. உங்களுக்குக் குடுத்தா உங்கள வெளியாளாக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். நீங்க அவ்ளோ ஆசையா வெல கேட்டதால, மனசு நோகக்கூடாதுன்னுதான் காசு வாங்குனாங்களாம். இது உங்க கடையாம். எது வேணுமோ நீங்களே எடுத்துக்கணுமாம்."

ரோசா இடுப்பில் செருகியிருந்த காசை எடுத்து, நீட்டியிருந்த அந்தக் கையிலேயே வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

அக்கா மெர்சி சொல்லவில்லை. காசை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு கடையைச் சுற்றிக்கொண்டு உள்பக்கம் போனார். ரோசாவின் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, வந்தவர்கள் கலைத்துப் போட்டிருந்த சால்வைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார்.

கமலாவால் தாங்க முடியவில்லை. என்னதான் சொல்கிறீர்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினாள். அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஆசாரிகிட்ட தாலிக்குச் சொல்லு. போ."

என் மகள் கடைப் பலகையைத் தாண்டிக் குதித்து அவரைக் கட்டிக்கொண்டாள். இந்தி என்னைக் கட்டிக்கொண்டான். நான் யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மாட்டினேன். சொன்னால் என்ன, அழுதேன். அந்தக் கலவரத்தில் சால்வை வாங்க வந்த ஒருவருக்கு அக்காவே கூடையில் கைவிட்டு இரண்டு கயிறுகளை அள்ளிக் கொடுத்தார். ரோசா ஒன்றைப் பிடுங்கிக் கூடையில் போட்டார். சம்பந்திகளுக்குள் முதல் சண்டை அங்கேதான் நடந்தது.

கல்யாணம் புதுச்சேரியில் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளையின் பின்னலில் அக்கா தன் கையாலேயே மல்லிகைச் சரம் சுற்றினார். தெருவில் எல்லோரும் மாப்பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடப் பழகிவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் இப்போது ஒட்டவாலோவில் கடை பார்க்கிறார்கள். அக்கா இங்கே பெரிய மார்க்கெட்டில் வழக்கம்போலக் கை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு மாற்றம்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் முன்பெல்லாம் வாசலிலேயே நின்று, ஏதாவது இருந்தால் மேலே கொஞ்சம் கொடு என்பார். மலையிலிருந்து திரும்பிய பிறகு எங்களிடம் மட்டும் அவர் எதையும் கேட்பதே இல்லை. நேரே சமையலறைக்குள் போகிறார், அலமாரியைத் திறக்கிறார், எடுத்துக்கொண்டு போகிறார். நேற்று மாங்காய் ஊறுகாய் ஜாடியையே காணோம். கமலா அதைத் தேடவில்லை.